நிறுத்தங்களைக் குறைத்தால் பேருந்து வேகமாகப் போகுமா?

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் ஹவ்காங்கிலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு 147-ஆம் எண் பேருந்தில் வரும்போது அது நின்று நின்றுதான் வருகிறது. சில இடங்களில் ஒரு நிறுத்தத்தில் நிற்கும்போதே அடுத்த நிறுத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. பாதி நிறுத்தங்களை எடுத்துவிட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சமாகாதா?

மிச்சமாகும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. அதுவும் நீங்கள் சொல்லும் அந்தச் சாலையில் அது செய்யக்கூடாத வேலை என்பது என் கருத்து. பேருந்து நேர அட்டவணை போடும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் ஒரு நிறுத்தம் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். உள்ளே நின்றுகொண்டிருப்பவர்கள் தடுமாறாதபடி ஓட்டுநர் பதமாகப் பிரேக் போட்டால் வண்டி நிற்க 14 நொடி ஆகும், பழைய வேகத்துக்குத் திரும்ப இன்னொரு 14 நொடி. இந்த 28 நொடியிலும் பேருந்து நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது, அதனால் உண்மையான இழப்பு அதில் பாதி, 14 நொடி. கதவு திறந்து மூட 4, 5 நொடி. ஆக, யாரும் ஏறாமல் இறங்காமல் சும்மா நின்று கிளம்பினாலே சுமார் 20 நொடி போய்விடும். நிறுத்தம் சாலையை விட்டு உள்வாங்கியிருந்தால், மறுபடி சாலைக்குள் நுழையக் காத்திருக்கும் நேரம் தனி.

ஏறுபவர்கள் அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போகும் நேரத்தை நான் இதில் சேர்க்கவில்லை. காரணம் இருக்கிறது. ஒரு நிறுத்தத்தை எடுத்துவிட்டால் அங்கே ஏறியவர்கள் மறைந்துவிட மாட்டார்கள், அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து வந்து அங்கே ஏறுவார்கள். அவர்கள் ஏறும் நேரம் இடம் மாறுகிறதே தவிர குறைவதில்லை. நிறுத்தங்களைக் குறைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஒரு நிறுத்தத்தில் பேருந்து 45 நொடி நிற்பதைப் பார்த்துவிட்டு, அதை எடுத்தால் 45 நொடி கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். கிடைப்பது அந்த 20 மட்டும்தான்.

இப்போது 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தடத்தை வைத்துக்கொள்வோம். 300 மீட்டருக்கு ஒன்று என்றால் 40 நிறுத்தங்கள், 400 மீட்டருக்கு ஒன்று என்றால் 30. பத்து நிறுத்தம் குறைந்தால் 200 நொடி, அதாவது 3 நிமிடம் 20 நொடி மிச்சம். போக வர 6 நிமிடம் 40 நொடி. ஒரு சுற்று 2 மணி நேரம் எடுக்கும் தடத்தில் 12 பேருந்துகள் ஓடினால் 10 நிமிடத்துக்கு ஒன்று வரும். சுற்று 113 நிமிடமாகக் குறைந்தால் அதே 12 பேருந்துகளை வைத்து ஏறத்தாழ 9½ நிமிடத்துக்கு ஒன்று விடலாம். அட்டவணை போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமே அல்ல. கூடுதல் வண்டி, கூடுதல் ஓட்டுநர் எதுவும் இல்லாமல் சேவை கொஞ்சம் நெருக்கமாகிறது.

பயணியின் பக்கம் வாருங்கள். தடத்தின் முழு நீளத்தையும் பயணம் செய்கிறவர் குறைவு. பாதி தூரம் போகிறவருக்குப் பேருந்துக்குள் 1 நிமிடம் 40 நொடி மிச்சமாகும். காத்திருக்கும் நேரம் சராசரியாகக் கால் நிமிடம் குறையும். ஆனால் மறுபுறம் நடை கூடும். நிறுத்த இடைவெளி எவ்வளவோ அதில் கால் பங்கு தூரம்தான் சாலையோரமாக ஒருவர் சராசரியாக நடப்பது. 300 மீட்டர் இடைவெளி என்றால் 75 மீட்டர், 400 என்றால் 100. ஏறும் இடத்தில் 25, இறங்கும் இடத்தில் 25, ஆக 50 மீட்டர் கூடுதல். வேகமாக நடக்கிறவருக்கு 40 நொடி. கூட்டிக் கழித்தால் கையில் நிற்பது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதுவும் பேருந்து எல்லா நிறுத்தத்திலும் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால்தான்.

ஆனால் நிற்பதில்லையே. சிங்கப்பூரில் யாராவது மணியை அழுத்த வேண்டும், அல்லது வெளியே இருப்பவர் கையைக் காட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பேருந்து அப்படியே கடந்து போய்விடும். பிற்பகல் 2 மணிக்கு ஈசூன் குடியிருப்புப் பேட்டைக்குள்ளேயே சுற்றிவரும் ஒரு ஃபீடர் பேருந்தில் உட்கார்ந்து பாருங்கள், பல நிறுத்தங்களைத் தாண்டிப் போவதைக் காணலாம். யாரும் இல்லாத நிறுத்தம் நேரத்தைத் தின்பதில்லை. அதனால் வரைபடத்தில் எத்தனை நிறுத்தப் புள்ளிகள் இருக்கின்றன என்பதை விட, உச்ச நேரத்தில் உண்மையில் எத்தனை தடவை நிற்கிறது என்பதுதான் கணக்கு. கூட்டம் மிகுந்த தடத்தில் காலை 8 மணிக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். மற்ற நேரங்களில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

நிறுத்தங்களைக் குறைப்பதற்கு ஆதரவான வலுவான வாதம் ஒன்று உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது வேகத்தைப் பற்றியது அல்ல, ஒழுங்கைப் பற்றியது. ஒரு பேருந்து ஏதோ காரணத்தால் 2 நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் வழக்கத்தை விடக் கூடுதலான பேர் காத்திருப்பார்கள். அவர்கள் ஏறுவதற்குள் இன்னும் தாமதம். பின்னால் வரும் பேருந்துக்கு ஆளே இல்லை, அது வேகமாக வந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடும். இருபது நிமிடம் காத்திருந்த பிறகு ஒரே எண்ணில் இரண்டு வண்டி சேர்ந்து வருவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நிறுத்தங்கள் அதிகமாக இருந்தால் இந்தச் சறுக்கலுக்கு வாய்ப்பும் அதிகம். ஒரு மணி அடித்தது, ஒரு கை காட்டியது, ஒரு சிவப்பு விளக்கு என்று சின்னச் சின்ன வேறுபாடுகள் குவிந்துகொண்டே போகும்.

இதைச் சமாளிக்கத்தான் நிலப் போக்குவரத்து ஆணையம் 2014-இல் பேருந்துச் சேவை நம்பகத்தன்மைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அட்டவணைப்படி காத்திருக்க வேண்டிய நேரத்துக்கு மேல் பயணிகள் எவ்வளவு காத்திருக்க நேர்கிறது என்பதை அளந்து, நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையும் தண்டமும் விதிக்கும் முறை அது. அதனால் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருப்பவர்கள் முன்னாலும் பின்னாலும் உள்ள வண்டிகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுநரிடம் 'கொஞ்சம் மெதுவாகப் போங்கள்' என்று சொல்வார்கள். பச்சை விளக்கு எரியும்போதே பேருந்து ஊர்ந்து போவதைப் பார்த்து நீங்கள் எரிச்சல்பட்டிருக்கலாம். அப்போதெல்லாம் நேரத்தைத் தின்பது நிறுத்தம் இல்லை, இடைவெளியைச் சீராக்கும் வேலை. நிறுத்தங்களைக் குறைத்தாலும் அந்த ஊர்தல் முழுவதும் போகாது.

சரி, 300-ஐ 400 ஆக்குவது என்று இவ்வளவு நேரம் பேசினேன். உண்மையில் அப்படிச் செய்யவே முடியாது. 400 மீட்டருக்கு ஒன்று என்று வைக்க வேண்டுமானால் ஏறத்தாழ எல்லா நிறுத்தங்களையும் பெயர்த்து வேறு இடத்தில் நட வேண்டும். கூரை, பேருந்து ஒதுங்கி நிற்கும் உள்வாங்கிய இடம், மின் இணைப்பு, பக்கத்தில் சாலையைக் கடக்கும் இடம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கிலிருந்து வரும் கூரையிட்ட நடைபாதை எல்லாம் ஏற்கனவே போட்டாகிவிட்டது. நடைமுறையில் செய்யக்கூடியது இருக்கும் ஒன்றை எடுப்பது மட்டும்தான். 300 மீட்டர் இடைவெளியில் நடுவிலுள்ள ஒன்றை எடுத்தால் அங்கே இடைவெளி 600 ஆகிவிடும். நீங்கள் கேட்டபடி பாதியை எடுத்தால் தடம் முழுக்க 600.

அப்போது கணக்கு வேறு மாதிரி ஆகும். எடுக்கப்பட்ட நிறுத்தத்தைப் பயன்படுத்தியவர்கள் அதன் இரு பக்கமும் சீராகப் பரவி வசிக்கிறார்கள் என்று கொண்டால், ஒவ்வொருவருக்கும் சராசரியாக 150 மீட்டர் நடை கூடும். அந்த நிறுத்தத்துக்கு நேர் எதிரே வசிப்பவருக்கு 300 மீட்டர். இனி ஒரு குறிப்பிட்ட பேருந்தைப் பாருங்கள். உள்ளே 60 பேர் இருக்கிறார்கள், இந்த நிறுத்தத்தில் 6 பேர் ஏறுகிறார்கள் அல்லது இறங்குகிறார்கள். நிறுத்தத்தை எடுத்தால் 60 பேருக்குத் தலைக்கு 20 நொடி மிச்சம், மொத்தம் 20 நிமிடம். 6 பேரும் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் தலைக்கு 150 நொடி கூடுதல், மொத்தம் 15 நிமிடம். எடுப்பதுதான் லாபம் போலத் தெரிகிறது. ஆனால் போக்குவரத்துத் திட்டமிடலில் நடக்கும் ஒரு நிமிடத்தையும் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தையும் சமமாக வைப்பதில்லை. மக்கள் நடையை ஏறத்தாழ இரண்டு மடங்கு பாரமாக உணர்கிறார்கள் என்பதால் அதை இரட்டித்துக் கணக்கிடுவது வழக்கம். அந்த 15 நிமிடம் 30 ஆகிவிடும், தராசு மறுபக்கம் சாயும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. தாண்டிப் போகிறவர்கள் மிக அதிகம், ஏறி இறங்குகிறவர்கள் மிகக் குறைவு என்றால் இடைவெளி அகலமாக இருக்கலாம். எல்லாரும் கொஞ்ச தூரம்தான் போகிறார்கள், ஏறுவதும் இறங்குவதும் ஓயாமல் நடக்கிறது என்றால் நெருக்கமாகத்தான் இருக்க வேண்டும். எத்தனை மீட்டர் சரி என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தப் பேருந்தில் யார், எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதுதான்.

நிறுத்தங்களைக் குறையுங்கள் என்ற வாதம் இணையத்தில் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே பல நகரங்களில் 200 மீட்டருக்கு ஒன்று, சில தெருக்களில் அதற்கும் நெருக்கமாக நிறுத்தங்கள் உண்டு. அங்கே அந்த வாதம் நியாயமானது. லண்டனில் வழிகாட்டியாகக் கொள்ளும் இடைவெளி 400 மீட்டர். இரண்டு ஊர்களுக்கும் பொருந்தும் ஒரே மருந்து கிடையாது. நம் ஊரில் 5,000-க்கு மேற்பட்ட நிறுத்தங்கள் இருக்கின்றன, அவற்றில் எது எந்த வகை என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

மீட்டர் கணக்கில் அடங்காத ஒன்றை இனிச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். நிறுத்தத்துக்கும் நிறுத்தத்துக்கும் உள்ள தூரத்தை யாரும் நடப்பதில்லை. வீட்டு வாசலிலிருந்து நிறுத்தத்துக்குள்ள தூரத்தைத்தான் நடக்கிறார்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் இறங்கி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி, கூரையிட்ட நடைபாதையில் போய், சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தம் என்றால் மேம்பாலம் ஏறி இறங்கி அடைய வேண்டும். வரைபடத்தில் 150 மீட்டராகத் தெரிவது காலுக்கு 350 மீட்டராக இருக்கலாம். போகும்போது ஒரு பக்கம், வரும்போது எதிர்ப் பக்கம் என்பதால் ஒரு நாளில் ஒரு தடவையாவது சாலையைக் கடந்தே ஆக வேண்டும். நிறுத்தத்தை மேம்பாலத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி வைத்தால் அந்த 100 மீட்டரைப் போகவும் திரும்பவும் நடக்க வேண்டியிருக்கும். அதற்கு அலுத்துப்போய் நடுச்சாலையில் குறுக்கே ஓடுகிறவர்களும் இருப்பார்கள்.

தேக்கா ஒரு நல்ல உதாரணம். லிட்டில் இந்தியா பகுதியில் சிராங்கூன் சாலை ஒருவழிப் பாதை. தேக்காவிலிருந்து ஹவ்காங் பக்கம் போக அங்கே ஏறலாம், ஆனால் ஹவ்காங்கிலிருந்து வரும் வண்டி ஜாலான் புசார் வழியாகத்தான் இறங்கி வரும். இரண்டுக்கும் நடுவே பல தெருக்கள். வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வரும் ஒரு பாட்டிக்கு, நிறுத்த இடைவெளி என்னவாக இருந்தாலும், ஒரு பக்கப் பயணத்தில் நடை ஏற்கனவே கூடித்தான் இருக்கிறது. அதன்மேல் இன்னும் ஒரு 150 மீட்டரை ஏற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

வெயிலையும் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆணையம் 2013-இல் ஒரு கூரை நடைபாதைத் திட்டத்தை அறிவித்து, 2018-க்குள் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிதாகப் போட்டது. எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை, பேருந்து முனையங்களையும் கூட்டம் மிகுந்த நிறுத்தங்களையும் சுற்றி 200 மீட்டர் வரை. இந்தக் கூரைகள் குறிப்பிட்ட நிறுத்தத்தை நோக்கிப் போகின்றன. நிறுத்தத்தை நகர்த்தினால் கூரை வேறு எங்கோ போய் முடிந்து நிற்கும். பிற்பகல் மூன்று மணிக்கு இடியோடு கொட்டும் மழையில் கூரையில்லாத கடைசி 100 மீட்டர் எப்படி இருக்கும் என்று இங்கே வசிக்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் வயது. 2030 வாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ இருப்பார். மேலே நான் நொடிக்கு ஒரு மீட்டர் என்று கணக்குப் போட்டேனே, முழங்கால் வலியோடு சந்தைத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வருகிறவர் நொடிக்கு 0.7 அல்லது 0.8 மீட்டர்தான் நடப்பார். 300 மீட்டர் என்பது அவருக்கு ஆறு, ஏழு நிமிடம், நடுவில் ஒரு இடத்தில் உட்கார வேண்டியும் வரலாம். மூத்தோர் மெதுவாக நடக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டுதான் 2009 முதல் சாலை கடக்கும் இடங்களில் அவர்கள் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனித உருவ விளக்கு 3 முதல் 13 நொடி வரை கூடுதலாக எரியும்படி செய்திருக்கிறார்கள். 2020 டிசம்பரிலிருந்து எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். இவ்வளவும் செய்துவிட்டு நிறுத்தத்தைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தால், ஏற வசதியுள்ள பேருந்து வரும், ஏற வேண்டியவர் வர முடியாது. நடை கூடினால் அவர் தாமதமாகப் போக மாட்டார், போகவே மாட்டார். வீட்டிலேயே இருந்துவிடுவார். நான் மேலே போட்ட கணக்கில் அவர் வரவே மாட்டார் என்பதுதான் அந்தக் கணக்கின் பெரிய குறை.

இனி உங்கள் 147-க்கு வருகிறேன். அந்தப் பாதையை ஒட்டி நிலத்துக்கடியில் வடகிழக்கு ரயில் பாதை ஓடுகிறது, 2003 ஜூனில் திறந்தது. ஹவ்காங், கோவன், சிராங்கூன், உட்லீ, போத்தோங் பாசிர், பூன் கெங், ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா. நிலையத்துக்கும் நிலையத்துக்கும் சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. குறைவான நிறுத்தம், வேகமான பயணம் என்று நீங்கள் கேட்பது அந்த வழியில் ஏற்கனவே கிடைக்கிறது, அதற்குப் பெயர் ரயில். ஹவ்காங்கிலிருந்து தேக்காவுக்கு நேராகப் போகிறவர்களில் அவசரம் உள்ளவர்கள் அதில்தான் போகிறார்கள். மேலே ஓடும் பேருந்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வசிப்பவர்கள், படியும் நீண்ட நடையும் வேண்டாம் என்பவர்கள், நாலைந்து நிறுத்தம் தள்ளி மருந்தகத்துக்கோ ஈரச்சந்தைக்கோ போகிறவர்கள். 3.2 கிலோமீட்டர் வரை ஒரே அடிப்படைக் கட்டணம் என்பதால் இந்தக் குறும்பயணங்கள் ஏராளம். அந்தப் பேருந்தின் நிறுத்தங்களை 600 மீட்டருக்கு ஒன்று என்று ஆக்கினால் ரயிலை விட மெதுவான, ரயிலைப் போலவே தூரமான ஒரு சேவை கிடைக்கும். யாருக்கும் அது பயன்படாது.

2023-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை வந்த பிறகு, அதே வழியில் ஓடும் 167-ஆம் எண் சேவையை டிசம்பரோடு நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. ரயில் வேகமானது, பயணிகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் மக்கள் விடவில்லை. கடைசியில் அரை மணி நேரத்துக்கு ஒன்று என்ற அளவிலாவது அதை ஓட்ட ஆணையம் ஒப்புக்கொண்டது. வேகத்துக்காக அந்தப் பேருந்தை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஏறி, போக வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் இறங்கலாம் என்பதற்காகக் கேட்டார்கள். நிறுத்த இடைவெளியைப் பற்றிய விவாதத்துக்கும் அதே பாடம் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அகலமான இடைவெளி தேவைப்படும் இடங்கள் உண்டு. குடியிருப்புப் பேட்டையில் ஆளை ஏற்றிக்கொண்டு, விரைவுச்சாலையில் ஏறி, நகர மையத்தில்தான் இறக்கும் சேவைகள். சுவா சூ காங்கிலிருந்து புறப்படும் 190-இல் விரைவுச்சாலைப் பகுதி முழுவதும் நிறுத்தமே கிடையாது, அதனால்தான் அந்தப் பேருந்துக்கு அவ்வளவு விசுவாசிகள். எண்ணுக்குப் பின்னால் சிறிய ஆங்கில 'e' எழுத்து போட்ட விரைவுச் சேவைகளும் இந்த வகைதான்: சாதாரணச் சேவை எல்லா நிறுத்தத்திலும் நிற்கட்டும், அதே வழியில் இன்னொன்று சிலவற்றில் மட்டும் நின்று போகட்டும், கட்டணம் கொஞ்சம் கூடுதல். நெடுந்தூரம் போகிறவர், கொஞ்ச தூரம் போகிறவர் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிச் சமரசம் செய்வதை விட இது எவ்வளவோ மேல். 2024-இல் அறிவித்த பேருந்து இணைப்பு மேம்பாட்டுத் திட்டத்தில், எட்டு ஆண்டுகளில் 90 கோடி வெள்ளி வரை செலவிட்டுப் புதிய சேவைகளைக் கொண்டுவருகிறார்கள். நகருக்கான விரைவுச் சேவைகளும் அதில் உண்டு. உட்லண்ட்ஸ், ஈசூன், அங் மோ கியோ வழியாக நகருக்கு வரும் 21.5 கிலோமீட்டர் வடக்கு - தெற்கு நெடுவழியில் பேருந்துக்கென்றே தொடர்ச்சியான சாலைத் தடம் அமைகிறது. அங்கே ஓடும் நெடுந்தூரச் சேவைகளுக்கு நிறுத்தங்கள் குறைவாக இருப்பதுதான் சரி.

பழைய பேட்டைகளில் எதையுமே தொடக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 150, 200 மீட்டருக்குள் இரண்டு நிறுத்தம், இரண்டும் ஒரே சாலைக் கடப்பைப் பயன்படுத்துகின்றன, நடுவில் மேடு பள்ளம் இல்லை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றை இருந்த இடத்திலேயே விட்டுவிடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில், சாலை கடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வைத்து, கூரையை அதுவரை நீட்டிவிட்டுத்தான் பழையவற்றை எடுக்க வேண்டும்.

சேர்க்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உள்வாங்கிய ஒரு நிறுத்தத்தில் இரண்டு, மூன்று பேருந்துகள்தான் நிற்க முடியும். பத்து, பன்னிரண்டு சேவைகள் வரும் சாலையில் இரண்டு நிறுத்தங்களை ஒன்றாக்கினால் அந்த ஒன்றில் வண்டிகள் வரிசை கட்டும். நான்காவது பேருந்து உள்ளே நுழைய இடமில்லாமல் சாலையிலேயே கதவை மூடிக்கொண்டு நிற்கும். மிச்சப்படுத்திய 20 நொடி அங்கே போய்விடும். ஆர்ச்சர்ட் சாலையில் மாலை நேரத்தில் பேருந்துகள் நிற்கும் வரிசையைப் பார்த்தால் இது புரியும்.

வேகம்தான் வேண்டும் என்றால் மூத்தோரின் நடையைக் கூட்டாமல் அதைப் பெற வேறு வழிகள் இருக்கின்றன, அவற்றுக்காகக் குரல் கொடுப்பதுதான் நல்லது. 2008 டிசம்பர் முதல், சாலையில் மஞ்சள் குறியிட்ட உள்வாங்கிய நிறுத்தங்களில் பின்னால் வரும் வாகனங்கள் நின்று பேருந்துக்கு வழிவிட வேண்டும் என்பது கட்டாயம். உள்வாங்கிய எல்லா நிறுத்தத்திலும் அந்தக் குறி இல்லை. சாலையில் பேருந்துக்கென ஒதுக்கிய தடங்களில் சாதாரணமானவை வார நாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும்தான். முழுநாள் தடங்கள் திங்கள் முதல் சனி வரை காலை 7.30 முதல் இரவு 11 வரை. எந்தெந்தச் சாலைகளை முழுநாளாக மாற்றலாம் என்று கேட்கலாம். சில சந்திப்புகளில் பேருந்துக்கு மட்டும் 'பி' என்று ஒளிரும் விளக்கு மற்றவர்களுக்கு முன்பாகவே வழி கொடுக்கிறது. அடுத்தது கதவுகள். மூன்று கதவும் இரண்டு மாடிப்படியும் உள்ள ஈரடுக்குப் பேருந்துகளில் இறங்குகிறவர்கள் இரண்டு வழியாகப் பிரிந்து போவதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும் நேரம் குறைகிறது. முன்பு சொன்னேனே, நிறுத்தத்தை எடுத்தாலும் குறையாத அந்த ஏறி இறங்கும் நேரம், அதைக் குறைக்கிறது இது.

147-இல் உண்மையிலேயே தேவையற்ற நெருக்கத்தில் நிறுத்தங்கள் இருக்கின்றனவா என்று நீங்களே பார்க்கலாம். ஆணையத்தின் தரவுகள் கிடைக்கும் டேட்டாமால் இணையத்தளத்தில் ஒவ்வொரு சேவைக்கும் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு நிறுத்தமும் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்ற விவரம் உண்டு. அடுத்தடுத்த இரண்டைக் கழித்தால் இடைவெளி வந்துவிடும். 200 மீட்டருக்குக் கீழே வரும் ஜோடிகளைக் குறித்துக்கொண்டு ஒரு வார நாள் காலையிலும் ஒரு சனிக்கிழமை காலையிலும் அங்கே போய் நில்லுங்கள். எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள், எந்தப் புளோக்கிலிருந்து வருகிறார்கள், சாலையை எங்கே கடக்கிறார்கள், கைத்தடியோ சக்கர நாற்காலியோ வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆணையத்துக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதும்போது, 'நிறுத்தங்களைக் குறையுங்கள்' என்று மட்டும் சொல்லாமல், 'இந்த எண்ணுள்ள நிறுத்தத்தையும் அந்த எண்ணுள்ள நிறுத்தத்தையும் இந்தக் கடப்புக்குப் பக்கத்தில் ஒன்றாக்குங்கள், கூரையை இத்தனை மீட்டர் நீட்டுங்கள்' என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் அவர்கள் நேரில் வந்து அளந்து பார்ப்பதற்கு ஒரு திட்டம் கையில் இருக்கும்.